கேரம் போர்டில் கிழங்கு மாவு

பிரபாவதி அப்பாவுக்கு,

சேலம் வந்து சேர்ந்தேன். மாநிலக் கேரம் போட்டி என்றாலும் நாலைந்து போர்டுதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கல்யாண மண்டபம் முழுக்கப் போர்டுகள். காய் மோதும் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்கவில்லை.

நம் வீட்டில் போடுவது போலவே, கொண்டுவந்த மரவள்ளிக்கிழங்கு மாவைப் போர்டில் தூவிவிட்டேன். நடுவர் ஓடிவந்தார்.

"ஏம்மா, என்ன மாவு இது?"

"குச்சிக்கிழங்கு மாவுங்க. கொல்லிமலையில இதுதானுங்க போடுவோம்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று நினைத்தேன். அவரோ துடைத்துவிட்டு வேறு பவுடர் போட்டார். நம் மாவில் ஓங்கிச் சுண்ட வேண்டும். இதில் தொட்டாலே ஸ்ட்ரைக்கர் ஓடுகிறது. வீங்கிய விரலுக்கு அதுவே போதுமாக இருந்தது. அரையிறுதியிலும் ஜெயித்துவிட்டேன்.

விரலுக்கு என்ன ஆச்சு என்று நடுவர் கேட்டார். கதவில் நசுங்கியது என்றேன். நான் கிளம்பும்போது கதவைச் சாத்தியது யார் என்று சொல்லவில்லை.

நாளை சாயங்காலம் இறுதி ஆட்டம். ஜெயித்தால் பேப்பர்காரர்களும் விரலைப் பற்றிக் கேட்பார்களாம்.

இதை மலைக்கு வரும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். பேப்பர்காரர்களிடம் நான் என்ன சொல்லட்டும்ங்க? நீங்களே எழுதி அனுப்புங்க.

காலை பஸ்ஸை எதிர்பார்த்து,
உங்கள் சம்சாரம்