மூன்றில் இரண்டு பங்கு பழைய தண்ணீர்

இன்று காலை மீன்தொட்டித் தண்ணீர் என் வாயில் ஏறிவிட்டது. குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, தண்ணீர் இறங்கி வரும் நேரம் பார்த்துச் சட்டென்று வாளிக்குள் போட வேண்டும். அந்த நேரத்தைத் தவறவிட்டேன். பாசி வாடையும் தீனி வாடையுமாக வாய் நிறைந்துவிட்டது.

ஞாயிறுதோறும் நீங்களும் இப்படித்தான் ஏமாந்து, பால்கனிக்கு ஓடித் துப்புவீர்கள். "கருமம், மீன் மோண்ட தண்ணி. அந்த வாயோட காபி கேட்டு வந்துராதீங்க" என்று நான் அடுப்படியில் இருந்து கத்துவேன். கட்டிக்கொண்ட நாளில் இருந்து நான் கத்துவதும் நீங்கள் சிரிப்பதும்தானே நமக்கு வேலை.

அண்ணனூரில் இந்த இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்த வருஷம், தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள். பையனுக்கு என்று சொன்னீர்கள். அவன் இரண்டு நாள் பார்த்தான். பிறகு ஷிப்டு முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்தது நீங்கள்தான். எனக்குக் கொஞ்சம் பொறாமை, இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

அந்த முதல் போகி நினைவிருக்கிறதா? நான் கோவில்பட்டிக்காரி, போகிக்கு வீட்டில் ஒரு தூசி இருக்கக் கூடாது. நீங்கள் வேலைக்குப் போனதும் பரண், ஜன்னல் எல்லாம் முடித்துவிட்டுத் தொட்டிக்கு வந்தேன். மீன்களை ஒரு குண்டானில் விட்டு, தண்ணீர் முழுவதையும் கொட்டி, கூழாங்கற்களையும் பில்டர் பஞ்சையும் சோப்புத்தூள் போட்டு அலசி, குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து நிரப்பினேன். கண்ணாடி பளபளவென்று இருந்தது. நீங்கள் மெச்சுவீர்கள் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். நீங்கள் வந்தபோது ஆறில் ஐந்து மிதந்தன.

நீங்கள் திட்டவில்லை. மிதந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்தில் வைத்துவிட்டு, அழுதுகொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். "அயுக்குன்னு கயுவி ஊத்திட்டியேமே, அதுலதான் அதுங்க உசுரே கீது. மூணுல ஒரு பங்கு எடு. ரெண்டு பங்கு பயசு அப்டியே உடு." மறுவாரமே ஐந்து புது மீன் வாங்கி வந்து விட்டீர்கள். அதன் பிறகு சனிக்கிழமை சாயங்காலம் வாளியில் தண்ணீர் பிடித்து, குளோரின் மருந்து வாடை போகத் திறந்துவைப்பதும், மறுநாள் அதை ஊற்றுவதும் உங்கள் வேலையாயிற்று.

அந்தச் சனிக்கிழமையும் பிடித்துவைத்தீர்கள். ஞாயிறு விடிந்தபோது நீங்கள் எழுந்திருக்கவில்லை.

உங்களை எடுத்துக்கொண்டு போனதும் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். குடம், அண்டா, பிரிட்ஜில் இருந்த பாட்டில், நீங்கள் பிடித்துவைத்த வாளி, எல்லாவற்றையும் கொட்டினார்கள். கடைசியில் உங்கள் தங்கை தொட்டிப் பக்கம் போனாள். "ஊட்ல கீற தண்ணி அத்தினியும் கொட்டணும் அண்ணி, தீட்டு." அதுவரை மூலையில் சுருண்டு கிடந்தவள் எழுந்து போய்த் தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றேன். "இதுல கைய வச்சேன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்று கத்தினேன். சொந்தக்காரர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்களாம். பேசட்டும். அந்த வாளியையும் காப்பாற்றத் தோன்றவில்லையே என்றுதான் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

எட்டு மாதமாக நான்தான் செய்கிறேன். ஆறு மீனும் நன்றாக இருக்கின்றன. எப்போதும் இரண்டு பங்கு மிச்சம் வைப்பதால் அப்பா ஊற்றிய தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது என்று போன வாரம் பையனிடம் சொன்னேன். அவன் செல்லில் ஏதோ தட்டிப் பார்த்து, "இந்நேரம் ஒரு சொட்டுகூட மிஞ்சியிருக்காதும்மா" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செல்லைப் பைக்குள் வைத்துக்கொண்டான். கணக்கில் அவன் கெட்டி. கேட்டுக்கொண்டேன், நம்பவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் சொல்வதுபோல, எனக்கு உங்களைத் தேடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரொம்பவே தேடுகிறது.

இன்று வாய் நிறைந்ததும் நானும் பால்கனிக்குத்தான் ஓடினேன். நீங்கள் நிற்கும் அதே இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். துப்ப மனம் வரவில்லை. விழுங்கிவிட்டேன்.