தாழைக்கு மூன்று நாள் தூரம்

அக்கராயன்,
கிளிநொச்சி.

மச்சான் ஜனார்த்தனனுக்கு,

நாங்கள் சுகம். உம்முடைய சுகத்தையும் விசாரிப்பதுதான் முறை. ஆனால் சனிக்கிழமை தோறும் யூடியூப்பில் உம்முடைய குரலைக் கேட்கிறோம். தடிமன் சளிகூட இல்லை. ஆகவே அந்தப் பகுதியைத் தாண்டுகிறேன்.

என்னை நீர் வட்ஸ்அப்பில் மறித்து ஐந்து வருடமாகிறது. அதனால்தான் தபாலில் வருகிறேன். கனடாவுக்கு முத்திரை கேட்டபோது தபாற்கந்தோர்ப் பிள்ளை, "என்ன ஐயா, வழக்கு ஏதுமோ?" என்று கேட்டது. "இன்னும் இல்லை, பிள்ளை" என்றேன்.

விசயம் இதுதான். போன கிழமை, நீர் எழுதி வாசிக்கிற 'ஒன்பதாம் வான்' விண்வெளித் தொடரின் ரசிகர் பக்கத்திலிருந்து 'தாழைவாசி' என்ற ஒருவரை வெளியே தள்ளினீர். தொடரில் வருகிற கிரகங்களுக்கு வரைபடம் கீறிப் போட்ட ஆள். அது உம்முடைய மகள் சாரங்கா. "இரண்டு வருசத்திலை கூப்பிடுறன்" என்று சொல்லி ஆறு வயதில் விட்டுப் போனீரே, அவள்தான். இப்போது பதினெட்டு.

அவள் ஏன் படம் கீறினாள் என்று கேட்பீர். உம்முடைய ரசிகர்களின் சண்டையைத் தீர்க்கத்தான். அத்தியாயம் பன்னிரண்டில், கப்டன் வேள் தன் வீடு இருக்கிற தாழைக் கிரகத்திலிருந்து வெண்குடாக் கிரகத்துக்கு மூன்றே நாளில் போகிறார். முப்பத்தொன்றில் அங்கிருந்து வீட்டுக்குத் திரும்ப வெளிக்கிடுகிறார். பதினொரு நாளாகியும் தாழை வரவில்லை. அதே கப்பல், அதே பாதை. ஒருவர் உம்மைக் கணக்குத் தெரியாதவர் என்றார், இன்னொருவர் அவருடைய தாயை இழுத்தார். சாரங்கா மட்டும் எல்லா அத்தியாயத்தையும் திரும்பக் கேட்டு, எங்கிருந்து எங்கே எத்தனை நாள் என்று கொப்பியில் எழுதினாள். பிறகு குசினியில் அடுப்புக்கு எதிர்ச் சுவரில் பிரிஸ்டல் போட் மட்டையை ஒட்டிக் கீறத் தொடங்கினாள்.

நானும் சேர்ந்தேன். கமக்கார அமைப்பில் இருபது வருடம் வயலுக்குத் தண்ணீர் விடும் வாய்க்கால் படம் கீறினவன் சும்மா இருப்பேனா? நான் கீறின முதல் படத்தில் கிரகமெல்லாம் ஒரே வரிசையில் நின்றது. கடைசிக் கிரகத்துக்குத் தண்ணீர் போய்ச் சேராதே என்று எனக்கு உண்மையாகவே கவலை வந்துவிட்டது. உம்முடைய மகள் என்னிடமிருந்து பென்சிலை வாங்கி வைத்துவிட்டாள்.

ஆனாலும் அந்தப் பதினொரு நாளுக்கு விடை சொன்னது நான்தான். "இடையிலை சோதனைச்சாவடி இருக்கும் பிள்ளை" என்றேன். சண்டைக்காலத்தில் ஓமந்தைச் சாவடியில் நின்றவனுக்குத் தூரம் என்பது மைல் இல்லை. எத்தனை தரம் இறக்கி ஏற்றினார்கள் என்பதுதான். நீரும் என்னோடு நின்றவர். நாம் கொண்டு போன பலாப்பழத்தை வெட்டிக் காட்டச் சொன்னார்கள், நீர் வெட்டிக் காட்டினீர். சாரங்கா அதைக் கேட்டு நம்பிவிட்டாள். வெண்குடாவுக்கும் தாழைக்கும் நடுவே வடிவாக ஒரு சாவடி கீறி, 'பொதிகளைத் திறந்து காட்டுமிடம்', 'பெண்களுக்கு வேறு வரிசை' என்று எழுதிப் போட்டோம்.

நீர் அதை எடுத்துப் போட்டு என்ன எழுதினீர்? "வன்னி ஆக்கள் சந்திரனுக்குப் போனாலும் அடையாள அட்டையோடதான் போவினம்." ஆயிரத்துச் சொச்சம் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பகிடி நல்ல பகிடிதான். பிறகுதான் எழுதின ஆள் பலாப்பழம் வெட்டின ஆள் என்று ஞாபகம் வந்தது.

சாரங்கா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "மாமா, சாவடி பிழை. நான் வேறை மாதிரிப் பாக்கிறன்" என்றாள். இந்தமுறை நாட்கணக்கை விட்டுவிட்டு, கப்டன் யன்னலால் எதைப் பார்க்கிறார் என்று எழுதினாள். நாலு அத்தியாயத்துக்கு ஒருமுறை அவர் தாழையின் இரண்டு நிலவையும் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். ஒருமுறை நிலவு இடப்பக்கம், அடுத்தமுறை வலப்பக்கம். அளவு மட்டும் மாறவேயில்லை. எல்லாவற்றையும் கீறிப் பார்த்தால் படத்தில் வந்தது ஒரு வட்டம். அறுபது அத்தியாயமாக அந்தக் கப்பல் எங்கேயும் தொலையவில்லை. வீட்டுக்கு மூன்று நாள் தூரத்தில் நின்று சுற்றிக்கொண்டிருக்கிறது.

அந்தப் படத்தையும் போட்டாள். கீழே ஒரே ஒரு கேள்வி: "கப்டன் ஏன் இறங்கவில்லை?"

பத்து நிமிடத்தில் படமும் இல்லை, தாழைவாசியும் இல்லை.

அது யார் என்று உமக்குத் தெரியாதாம். சாரங்கா அப்படித்தான் சொல்கிறாள். இந்த வீட்டில் உமக்காக வாதாட மிஞ்சியிருக்கிற ஒரே ஆள் அவள். நான் வேறு மாதிரி நினைக்கிறேன். தெரியாத ஆளின் கேள்விக்கு இவ்வளவு கெதியாகப் பயப்பட மாட்டார்கள்.

உமது பிறந்தநாள் படத்தில் உம்மோடு சேர்ந்து கேக் வெட்டுகிற கை யாருடையது என்று நான் கேட்கப் போவதில்லை. தங்கம்மா மாமி ஏற்கெனவே கேட்டு, தானே பதிலும் சொல்லி, ஊருக்கும் அறிவித்துவிட்டா. உம்மைக் கட்டின என் தங்கச்சி விமலேஸ்வரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், வெட்கப்பட்டால் படும். சனிக்கிழமைகளில் சாரங்கா தொடரைப் போட்டதும் தங்கச்சி தேங்காய் துருவுவதை நிறுத்திவிடுவாள். கேட்டால், கை உளைகிறதாம்.

நேற்றுச் சனிக்கிழமை. சாரங்கா தொடரைப் போடவில்லை. உமது குரலைக் கேட்கத்தான் பிள்ளை அந்தக் கண்டறியாத கிரகமெல்லாம் சுற்றினாள் என்று இந்த மரமண்டைக்கு நேற்றுத்தான் உறைத்தது. படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, சுருட்டி, அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டாள். கொப்பிகளை எரிக்கப் போகிறாளாம். சமைக்க விறகு போதாது என்கிறாள். விறகுக் கட்டைக் காட்டினேன். "ஓம் மாமா" என்று மட்டும் சொன்னாள். இந்தக் கடிதம் வந்து சேரும் வரைக்கும் அந்தக் கொப்பிகளை ஒளித்து வைக்க என்னால் முடியும். அதற்குப் பிறகு உம்முடைய பாடு.

எனக்குப் பதில் எழுத வேண்டாம், எழுதினாலும் நான் மரியாதையாக வாசிக்க மாட்டேன். பெட்டி, சொக்லேட் ஒன்றும் அனுப்பவேண்டாம். தங்கச்சியோடு பேசுவதும் பேசாததும் அவளுடைய முடிவு. பிள்ளை கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். உண்மை சொல்ல வாய் வராவிட்டால் பொய்யாவது சொல்லும். கதை எழுதுகிறவர், நல்லதாக ஒன்று உமக்கு அகப்படும். அவள் அதையும் அளந்து பார்ப்பாள், ஆனால் பதில் வந்தது என்றாவது இருக்கும்.

இன்னொன்று. மற்றவர்களுக்கு எழுதுகிற மாதிரி "அன்பான நேயரே" என்று தொடங்கிவிடாதேயும். அவளுக்குப் பெயர் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் வேறு பெயர் சொல்ல, பிடிவாதமாக நின்று அதை வைத்தது நீர். அந்த ஒன்றுக்காக ஆண்டவன் உம்மை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உம்முடைய பிள்ளையின் மாமன்,
பிரதாபன்