ஒன்பது நாளும் ஒன்பது மணி நேரமும்

3-ம் தேதி, காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இருவரும் நலம். அம்மா இப்போது கைப்பிடியைப் பிடிக்காமலே மாடி ஏறுகிறாள். அந்தக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு போகிறாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

மின்னஞ்சலில் முழுநீளக் கடிதம் எழுதுகிற ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான் என்று சிரிப்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். சில விஷயங்களை எழுதினால்தான் எனக்கு வரும்.

கல்லூரியின் இந்த மாதச் செய்திமடலை முடித்தேன், நேற்று அச்சாகி வந்தது. எட்டுப் பக்கம். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நாற்பது பேர் ரத்த அழுத்தம் பார்க்கும் முகாம் நடத்தினார்கள். மூலிகைத் தோட்டத்தில் செடிகளுக்குப் புதிய பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். இரண்டு பலகை இடம் மாறி நிற்பதைத் தோட்டக்காரர்தான் கண்டுபிடித்தார், பேராசிரியர்கள் அல்ல. டாக்டர் கையெழுத்தைப் படிக்கும் போட்டியும் நடந்தது. முதல் பரிசு வாங்கிய பெண்ணிடம் எப்படிம்மா படித்தாய் என்று கேட்டேன். "எங்கப்பா டாக்டர் சார், சின்ன வயசுலேர்ந்து இதைத்தான் படிக்கிறேன்" என்றாள். அதை அப்படியே போட்டேன்.

முதல் பக்கம் உனக்கு. உன் ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைத்த பரிசும், உன் படமும், பக்கத்தில் துறைத் தலைவர் படமும். பெற்ற மகளைப் பற்றி நானே செய்தி எழுதுவது முறையில்லை என்பதால், கட்டுரையில் இருந்த வாசகங்களையே எடுத்துப் போட்டேன்: "மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் இடைவெளியின்றி நிலைத்தன்மைப் பெட்டியில் வைத்துச் சோதிக்கப்பட்டது." அம்மா அந்தப் பக்கத்தைப் பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள்.

இனிதான் விஷயம். அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து ஆய்வுக்குழு வருகிறது. கல்லூரியின் சாதனைகளுக்கு ஆதாரமாக இரண்டு வருட மடல்களையும் சேர்த்துக் கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமாக நாம் அறுபது பிரதி அடிக்கிறோம். நோட்டீஸ் போர்டில் ஒன்று தொங்கும், மற்றவை மாதக் கடைசியில் பழைய பேப்பர்காரருக்குப் போகும். அதனால் என் கம்ப்யூட்டரில் இருப்பதைத்தான் மறுபடி அச்சடிக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன்.

போன வருட ஜூலை மடல், மூன்றாம் பக்கம், கீழே நான் எழுதிய நான்கு வரி: "ஒன்பது நாள் நின்றுபோயிருந்த நிலைத்தன்மைப் பெட்டியை, வெளியாள் உதவியின்றிச் சரிசெய்த ஆய்வக உதவியாளருக்குப் பாராட்டு."

நாற்பது டிகிரி சூடும் எழுபத்தைந்து சதவீத ஈரமும் மாறாமல் வைத்து, மாத்திரை இரண்டு வருடத்தில் என்ன ஆகும் என்பதை ஆறு மாதத்திலேயே பார்த்துவிடுகிற பெட்டி என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். கல்லூரியில் அது ஒன்றுதான் இருக்கிறது. அந்த ஜூலையில் உன் மாத்திரைகள் அதில்தான் இருந்தன.

அந்த ஒன்பது நாளும் அவற்றை வேறெங்காவது மாற்றி வைத்திருந்தாயா? அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு வரி எழுது, போதும்.

அன்புடன்,
உன் அப்பா


12-ம் தேதி, மதியம்

அன்பு மகளுக்கு,

உன் பதில் வந்தது. மூன்று முறை படித்தேன். செய்தி சொன்னவரிடமே அதைத் திருப்பி வாசித்துக் காட்டுவது என் பழைய பத்திரிகைத் தொழில் பழக்கம். நான் புரிந்துகொண்டது சரியா, பார்.

பெட்டி நின்ற அன்று நீ இங்கே இல்லை. அம்மாவுக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் அவளோடு இருந்தாய். திரும்பி வந்தபோது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நின்றுபோனதை உதவியாளர் உன்னிடம் சொன்னார். உன் குறிப்பேட்டில், நாளுக்கு இரண்டாக, பதினெட்டுக் கட்டங்கள் காலியாக இருந்தன. துறைத் தலைவர், "மறுபடி மொதல்லேர்ந்து ஆறு மாசம் பண்ணப் போறியா, அந்த வெளிநாட்டு வேலை உனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா" என்று கேட்டார். நீ உட்கார்ந்து நாற்பது, எழுபத்தைந்து என்று உன் கையாலேயே பதினெட்டுக் கட்டத்தையும் நிரப்பினாய்.

ஆஸ்பத்திரிக்கு உன்னை வரச் சொன்னவன் நான். நீ அதை எழுதவில்லை. எழுதாமல் விட்டதையும் படித்தேன்.

நேற்று துறைத் தலைவர் என் அறைக்கு வந்தார். என் அறை உனக்குத் தெரியும். பழைய கண்ணாடிச் சாமான்கள் வைத்திருந்த இடம். ஜன்னலுக்கு வெளியே ஏசி மெஷினைப் பொருத்தியதிலிருந்து அதைத் திறக்க முடிவதில்லை. இருப்பது ஒரு நாற்காலி. எழுந்து அவருக்குக் கொடுத்தேன். அவர் உட்காரவில்லை, கதவை மட்டும் சாத்தினார்.

கட்டி வைக்கப்போகிற மடல்களை அவரும் படித்திருக்கிறார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். "நாள்னு இருக்கறதை மணி நேரம்னு மாத்திடுங்க சார். அச்சுப்பிழைன்னு வெச்சுக்குங்களேன். உங்க பேப்பர்ல தினம் பத்து போயிருக்குமே" என்றார். ஒன்பது மணி நேரம் மின்சாரம் போவதெல்லாம் ஒரு விஷயமே இல்லையாம், குழு தலையைக் கூடத் தூக்காதாம். பிறகு அவர், "கட்டுரையில உங்க பொண்ணு பேர்தான் சார் மொதல்ல இருக்கு. என் பேர் கடைசி" என்றார். அதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவே இல்லை.

அவர் போன பிறகு டீ வந்தது, குடித்தேன். ஆறாம் பக்கத்தில் ஒரு கமாவைத் திருத்தினேன். அப்புறம் ஜூலை மடலைத் திறந்து, "நாள்" என்பதை அழித்து "மணி நேரம்" என்று அடித்தேன். ஒரு வார்த்தை கூடியதால் கடைசி வரி கீழே இறங்கியது. எழுத்தைக் கொஞ்சம் நெருக்கி அதையும் சரிசெய்தேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று அப்போதும் தோன்றியிருக்கிறது, பார்.

முப்பத்தோரு வருடம் செய்தி எழுதினேன். தவறாக எழுதியிருக்கிறேன், மறுநாளே திருத்தமும் போட்டிருக்கிறேன். சரியாக எழுதியதைத் தவறாகத் திருத்தியது இதுதான் முதல் தடவை.

இதை எழுதியது உன்னைக் குத்திக்காட்ட அல்ல. செய்துவிட்டேன், நீ நிம்மதியாக வேலையைப் பார் என்று சொல்லத்தான். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

அன்புடன்,
உன் அப்பா


21-ம் தேதி, காலை

அன்பு மகளுக்கு,

நிம்மதியாக இரு என்று எழுதி ஒன்பது நாள் ஆகிறது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

குழு வருவதற்கு முன்னால், கல்லூரிக்குள்ளேயே இரண்டு பேராசிரியர்களை வைத்து எல்லா ஆவணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆய்வக உதவியாளரின் பதிவேட்டில், பெட்டி நின்ற தேதியும் ஓடிய தேதியும் அவர் கையெழுத்தோடு இருக்கின்றன. ஒன்பது நாள். மடலில் ஒன்பது மணி நேரம். உன் குறிப்பேட்டில் ஒரு நிமிடம் கூட நிற்கவில்லை. மூன்றையும் மேஜைமேல் வைத்துப் பார்த்தவர்கள், அச்சில் இருப்பதை நம்பினார்கள். பரிசு வாங்கிய கட்டுரையை நம்பினார்கள். பேனாவால் எழுதியவருக்கு மெமோ கொடுத்தார்கள்: பதிவேட்டில் பொய்யான தேதிகளை எழுதியது ஏன்?

துறைத் தலைவரிடம் போய் நின்றேன். "அவருக்கு ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிரும் சார், நீங்க ஏன் இழுத்துப் போட்டுக்கறீங்க" என்றார். அப்படி முடியாது. அடுத்த மாதம் வருகிற குழுவுக்கு ஒரு நடவடிக்கையைக் காட்ட வேண்டும். இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவரை ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது அனுப்பப் போகிறார்கள்.

முந்தாநாள் அந்த உதவியாளர் என் அறைக்கு வந்தார். கல்லூரி முழுக்க அவரைப் பெட்டிக்காரர் என்றுதானே கூப்பிடுவீர்கள். அவரும் போனை எடுத்தால் "பெட்டிக்காரர் பேசறேன்" என்றுதான் சொல்கிறார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே போன வருட ஜூலை மடலின் மூன்றாம் பக்கம், அன்றே அச்சடித்தது. தன்னைப் பற்றி அச்சில் வந்தது வாழ்க்கையில் அது ஒன்றுதான் என்று அவர் மனைவி எடுத்து வைத்தாராம்.

கோபமாக வந்திருந்தால் தாங்கியிருப்பேன். "இது நீங்க எழுதினதுதானே சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப அது?" என்று அலமாரியில் புதிதாகக் கட்டி வைத்திருந்த மடல்களைக் காட்டினார். அதுவும் நான்தான் என்றேன். அந்தத் தாளை மறுபடி உறைக்குள் போட்டார். "உங்களைக் கேக்காம இதை எங்கயும் காட்ட மாட்டேன் சார். காட்டினா மொதல்ல உங்களைத்தான் கேப்பாங்க, அப்புறம் பாப்பாவை" என்றார்.

போகும்போது வாசலில் நின்று, "பெட்டி ஒன்பது நாள் நின்னுச்சுன்னு கட்டுரையில ஒரு வரி போட்டிருந்தா போதும் சார். எந்த ஊர்லயும் பெட்டி நிக்கத்தான் செய்யும். எழுதிட்டா அது தப்பே இல்ல" என்றார். பிறகு நீ நன்றாக இருக்கிறாயா என்று விசாரித்தார். தட்டில் மாத்திரையை அடுக்கும்போது உனக்கு மட்டும்தான் கை நடுங்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு விசாரணை. மடல் தயாரிப்பவர் என்ற முறையில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாளா, மணி நேரமா? அது ஒன்றைத்தான் கேட்பார்கள்.

நாள் என்று சொல்லிவிடுவேன் என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு முறை எழுதி அழித்தாயிற்று. அங்கே போய் உட்கார்ந்து, உன் பெயர் போட்ட கட்டுரை மேஜைமேல் இருப்பதைப் பார்த்தால், என் வாயில் எது வரும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஜூலை மடலைத் திறந்த அன்றும் மாற்ற மாட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் திறந்தேன்.

அதனால் கேட்கிறேன். வியாழனுக்கு முன்னால் நீ எழுது. கட்டுரை வெளியிட்டவர்களுக்கு ஒன்று, கல்லூரி முதல்வருக்கு ஒன்று. நடந்ததை நடந்தபடி, தேதியோடு. மடலை மாற்றியது உன் அப்பா என்பதையும் சேர்த்துக்கொள். என்னைக் காப்பாற்ற ஒரு வரியையும் விட்டுவிடாதே. அங்கே உன் வேலை போகலாம். போகாது என்று நான் சொல்லப் போவதில்லை. போனால் கிளம்பி வா. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அது என் பாடு.

நீ எழுதாவிட்டாலும் என் மகள்தான். ஆனால் வியாழக்கிழமை அந்த அறைக்குள் நான் பொய் சொல்லிவிட்டு வந்தால், அதற்கப்புறம் நாம் இரண்டு பேரும் போனில் சாப்பாட்டையும் குளிரையும் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருப்போம்.

நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். இன்று திங்கள். உனக்கு மூன்று நாள் இருக்கிறது, அம்மாடி. எழுதிவிடு.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அப்பா