குழியில் மணல் இல்லை

செவ்வாய், ஆகஸ்ட் 2007

மணல் இல்லாத குழியில் குழந்தைகளை நீளம் தாண்ட விட்டார்கள். என் பேத்தி பர்வீனுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. குழி மணலைப் பள்ளிக்கூடமே புதுக் கட்டட வேலைக்கு அள்ளிக்கொண்டதாம். தாளாளரிடம் இன்று நேரில் கேட்டேன்.

"விளையாட்டுன்னா அடிபடத்தான் செய்யும் பாய். பயமா இருந்தா வீட்லயே வச்சுக்கங்க" என்றார்.

நான் வெளியே வரும்போது லாரியிலிருந்து குழிக்கு மணல் இறங்கிக்கொண்டிருந்தது. அவர்கள்மேல் தப்பில்லை என்றால் இன்றைக்கு எதற்கு மணல்?

"விடுங்க அத்தா, நாளைக்கும் அவ அங்கதான படிக்கணும்" என்கிறான் மகன். அதனால்தான் விட முடியாது.

மகன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்க வேண்டும். நான் அந்த லாரிக்காரரைப் பிடிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த தாம்பரம் வக்கீல் பள்ளிக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். மணல் எப்போது போனது என்று பி.டி. மாஸ்டர் சொல்ல வேண்டும். தாளாளர் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும். கட்டுப் பிரித்ததும் பர்வீன் மறுபடியும் தாண்ட வேண்டும்.