ஜன்னலில் விழுந்த கைக்குட்டை

பூந்தமல்லி
ஞாயிறு

அன்புள்ள அத்தைக்கு,

மைதிலி வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? மாமா இப்போதாவது ராத்திரியில் சாப்பிடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

பெரிதாக ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போதே உங்கள் மகன் ஓடிப்போய், ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு எனக்கு இடம் பிடிப்பார். அவர் நம்மை விட்டுப் போன பிறகு, அம்பத்தூர் கம்பெனி வரை நின்றுகொண்டேதான் போகிறேன். இடம் காலியாக இருந்தாலும் உட்காரத் தோன்றுவதில்லை.

நேற்று, எங்கள் கம்பெனியில் லேத் ஓட்டும் தேவா என்பவர் ஜன்னல் சீட்டில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு, "தெனம் நின்னுகினே வர்றீங்களே, உக்காருங்க. நான் அப்பால நின்னுக்கிறேன்" என்றார். அவரும் மனைவியைப் பறிகொடுத்தவர். உட்கார்ந்துவிட்டேன், அத்தை. இறங்கும்வரை தலை நிமிரவில்லை. கைக்குட்டை என் கையோடு வந்துவிட்டது.

துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். இந்தக் கொடியில் ஆண்பிள்ளைத் துணி காய்ந்து நாளாயிற்று. பார்த்ததும் அழுகை வந்தது. ஆனாலும் எடுத்து மடித்துவைக்க மனம் வரவில்லை.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். அங்கே இருக்கும் உங்கள் மகனுடைய நீலச் சட்டையையும்.

மழை தூறுகிறது, துணி எடுக்க ஓடுகிறேன். உங்களுக்குத் தெரியாமல் எனக்கு எதுவும் வேண்டாம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், பழையபடி நின்றுகொண்டே போகிறேன்.

உங்கள்
மைதிலி