முட்டிக்கு எடுத்த ஸ்கேன்

மாசி 9, ஞாயிறு
காலையிலயே வெயில். பாத்தியில உப்பு பூக்க ஆரம்பிச்சாச்சு. சனிக்கிழமை மொத உப்பு வாரணும். எங்க உப்பளத்துல கற்பூரம் கொளுத்தி மொத உப்பு இழுக்கறது வயசுல மூத்த ஆளு. நாலு வருஷமா நான்தான். எனக்கு அடுத்தவன் கோவிந்தன், ரெண்டு வயசு சின்னவன். அவன் கண்ணு என் முட்டி மேலயே.
முட்டியில, முழங்கையில சோரியாசிஸ். பாண்டி டாக்டரம்மா மூணு மாசமா ஊசி போடுது. ஸ்கேன் பாத்து சொல்ற வரைக்கும் உப்புத்தண்ணியில கால் வைக்கக் கூடாதாம். ஸ்கேன் புதன்.
வேலை: நகம் வெட்டணும். தேங்காண்ணெ வாங்கணும். செதில் (வீட்டுக்காரி பாக்காதப்ப).

மாசி 11, செவ்வாய்
மூணு நாளா கல்லுப்பு வச்சு முட்டியைத் தேச்சாச்சு. செதில் ஒன்னு இல்ல. எரிச்சல் உயிர் போவுது. எண்ணெ தடவினா பளபள. முழங்கையை விட்டுட்டேன், முழுக்கை சட்டை இருக்குல்ல.
உப்பு ஜாடி ஏன் பாதியாச்சுன்னு வீட்டுக்காரி அஞ்சலை கேட்டா. உன் கொழம்புல கொட்டுறியே அதான்னேன். கரண்டி பறந்துச்சு. படல.

மாசி 12, புதன்
ஆஸ்பத்திரி. அஞ்சலையும் கூட. ஸ்கேன் ரூம் வாசல்ல பூரா புள்ளத்தாச்சிங்க. எத்தினி மாசம் தாத்தான்னு ஒரு பொண்ணு. ஒம்போது முடிஞ்சுபோச்சு, தலை திரும்பலன்னேன். வரிசையே சிரிச்சுது. அஞ்சலை மட்டும் மூஞ்சியைத் திருப்பிகிட்டா.
உள்ள ஜெல்லு, ஐஸ் மாதிரி. குட்டியூண்டு கட்டை ஒன்னை டாக்டரம்மா முட்டி மேல வச்சுது. டிவியில என் தோலு. மேல வெள்ளைக் கோடு. கீழ கறுப்புப் பட்டை, அதான் வீக்கமாம். கலர் பட்டனைத் தட்டினா செவப்பு மினுக்கு மினுக்கு, ரத்தம் ஓடுறதாம். எழுவது வருஷமா தூக்கிட்டுத் திரியற தோலு, உள்ள இப்படி ஒரு கூத்து.
டாக்டரம்மா கட்டையை அழுத்தாம புடிச்சுது. ஏம்மான்னேன். அழுத்தினா ரத்தம் ஒதுங்கிடும், செவப்பு தெரியாதுன்னுச்சு. அப்பிடியா சேதி. முட்டியை மெல்ல மேல தூக்கி கட்டையில நானே அழுத்தினேன். செவப்பு மறைஞ்சுது.
"தாத்தா, காலைக் கீழ வைங்க."
வச்சேன். தேர் அன்னிக்குப் போடற சீரியல் லைட்டு மாதிரி திரும்பி வந்துச்சு.
சட்டையைச் சுருட்டச் சொன்னுச்சு. முழங்கையில செதில் அப்பிடியே. ஆனா உள்ள கறுப்புப் பட்டை முட்டியில இருந்ததுல பாதி. செவப்பும் துளியூண்டு. முட்டியை என்ன பண்ணீங்கன்னு கேட்டுச்சு. நான் ஃபேனைப் பாத்தேன்.
"கல்லுப்பு போட்டுத் தேச்சாரும்மா." அஞ்சலை. தெரிஞ்சேதான் இருந்திருக்கா.
ஊசி நல்லா வேலை செய்யுதாம். முட்டியில மட்டும் நான் தேச்சு கெளப்பி விட்டுட்டேனாம். இன்னும் ரெண்டு மாசம் உப்பளத்துல எறங்கக் கூடாதாம்.

மாசி 13, வியாழன்
சோறு வேணாம்னுட்டேன். மோர் குடிச்சேன்.

மாசி 15, சனி
வரப்புல நின்னேன், செருப்போட. கற்பூரம் கொளுத்தி கோவிந்தன் இழுத்தான். கோணல். நாய் இழுத்த மாதிரி இருக்குன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் சிரிக்கல.
மத்தவங்க டீக்குப் போனப்புறம் பக்கத்துல வந்து நின்னான். முதுகுல சட்டையை லேசா தூக்கினான். உள்ளங்கை அகலம், வெள்ளைச் செதில்.
"ரெண்டு வருஷமா இருக்குண்ணே. ஒட்டும்னு ஒதுக்கிடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. அந்த மிஷின்ல காட்டினா வலிக்குமா?"
இதை வச்சே அவனை ஒரு வருஷம் ஓட்டலாம். வாய் வரைக்கும் வந்துச்சு.
ஒட்டாதுடான்னேன். வலிக்கவும் வலிக்காது. புதன் காலையில பஸ் ஸ்டாப்புக்கு வா.
டீ குடிச்சவங்க திரும்பி வர்ற சத்தம். அவன் சட்டையை நானே இறக்கி விட்டேன்.