ஆறாவது கொக்கி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் உன் பிள்ளை வாண்டும் நலம் என்பது அம்மா உன்னோடு போனில் பேசிவிட்டுச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உன் அறையைக் காலி செய்துவிட்டோம். கோபப்படாதே. நம் வீட்டிலேயே அம்மா குழந்தைகள் காப்பகம் தொடங்குகிறாள். உன் அறைதான் இனி விளையாட்டு அறை. கட்டிலைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்தாயிற்று. அலமாரி சாயாதபடி சுவரோடு திருகி முடுக்கினேன். ப்ளக் ஓட்டைகளுக்கெல்லாம் மூடி போட்டேன். முப்பது வருஷம் லிஃப்ட் பொருத்திய கையல்லவா, அளவு ஒரு நூல்கூடப் பிசகவில்லை என்று எனக்கே பெருமை.

அந்தப் பெருமை ரொம்ப நேரம் நிற்கவில்லை. அனுமதி தருவதற்காகப் பார்வையிட வந்த பெண் அதிகாரி, குழந்தைகள் பை மாட்டும் கொக்கிகளைப் பார்த்துவிட்டு, “வரப்போறது குழந்தைங்களா, அவங்க தாத்தாவா?” என்று கேட்டார். ஆறு கொக்கியையும் என் நெஞ்சு உயரத்துக்கு அடித்திருக்கிறேன்! தரையில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். பார்த்தால், நான் ஒட்டிய படமெல்லாம் கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உன் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.

அப்படி உட்கார்ந்தபோதுதான் கதவின் அடிப்பலகையில் நீ சின்ன வயதில் கிறுக்கிய பூனை கண்ணில் பட்டது. இத்தனை வருஷமும் நான் பார்த்ததே இல்லை. நீ மனதுக்குப் பிடித்தவரோடு கிளம்பிய அன்று இதே கதவைப் பிடித்துக்கொண்டுதான், “போனா அப்படியே போயிடு” என்று கத்தினேன். தப்பு என்னுடையதுதான், குட்டிம்மா. கதவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தேன், பூனையை மட்டும் விட்டுவிட்டு.

ஆறு குழந்தைகளுக்கு அனுமதி கிடைத்தது. ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். நேற்று எதிர்வீட்டுக்காரர் தங்கை மகளுக்கு இடம் கேட்டு வந்தார். நான் முந்திக்கொண்டு, “நிரம்பிடுச்சுங்க” என்றேன். அம்மா முறைப்பாள் என்று பயந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை பிரிந்துபோன பிறகு, வாண்டை நாளுக்கொரு வீட்டில் விட்டுவிட்டு நீ வேலைக்கு ஓடுகிறாயாம். கொக்கிகளை இறக்கி அடித்தபோது ஆறாவதை அவனுக்கென்று அடித்தேன். நான் பார்க்காத பிள்ளை, உத்தேச அளவுதான். கை எட்டுமா என்று அவனை நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

எதிர்வீட்டுக்காரர் முன்னால் என்னைப் பொய்யனாக்கிவிடாதே, குட்டிம்மா. எங்கிருந்தாலும் நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே இருந்தால் நாங்களும் நன்றாக இருப்போம்.

உன் அப்பா